வலது ஓரத்தில் தைத்த புத்தகம்

ஊசி மடிப்பின் நடுவில் இறங்கியது. மறுபுறம் காத்திருந்த கட்டைவிரல் அதைப் பிடித்து இழுத்தது. மெழுகு பூசிய நூல் காகிதத்தைக் கிழிக்காமல் ஓட வேண்டுமானால் இழுப்பு ஒரே அளவில் இருக்க வேண்டும். அந்தக் கைகளுக்கு அது தெரியும். இடது கை விரல்நுனிகள் தந்தியை அழுத்தி அழுத்திக் காய்ப்பேறியவை. ஊசி தவறிக் குத்தினாலும் அவற்றுக்குச் செய்தி போய்ச் சேராது. ஐந்து துளை, ஐந்து தையல், நடுவில் ஒரு முடிச்சு. கத்தரியால் நூலை வெட்டி, புத்தகத்தை மூடி, மேலட்டை தெரிய மேசையில் வைத்தாள். தையல் வலது கைப்பக்கம் இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"ஏம்மா, தலைகீழா தைச்சிருக்கியே."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சேவா? தெரியாம பண்ணினா அது தப்பு. தெரிஞ்சு பண்ணினா அது வம்பு."

"வம்புதான் அத்தை."

"அப்ப சரி," என்று மாமியார் அடுத்த கட்டுத் தாள்களை அவள் பக்கம் தள்ளினாள்.

வியாழக்கிழமை மதியம். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒத்திகை. அதற்குள் நான்கு புத்தகங்கள் தயாராக வேண்டும். உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் போன்ற செல்லோக்கள் எட்டுக்காக அவள் எழுதிய இசை அவற்றில் இருந்தது. அவள் பெயர் போட்டு ஒரு மேடையில் ஒலிக்கப்போகும் முதல் படைப்பு அது. ஒலிக்கப்போகிறதா, இல்லையா என்பது இந்தப் புத்தகங்களின் பக்கங்களை யார் திருப்புவது என்பதில் வந்து நின்றது.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவள் பிழைப்பில் பாதி பக்கம் திருப்புவதிலேயே போயிருந்தது.

அவள் செல்லோவுக்கு வந்ததே ஒரு குழப்பத்தில்தான். பதினொரு வயதில் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்து, "உங்க பொண்ணுக்குக் கை நீளம்" என்றார். அப்பா சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல், யாருடைய எதைத் திருடினாளோ என்று பதறிக்கொண்டு ஓடினார். போன பிறகுதான் தெரிந்தது, இசையறையில் சும்மா கிடந்த செல்லோவைக் கட்டிப்பிடிக்கத் தோதான கையுள்ள பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று. வந்த நிம்மதியில் அப்பா அன்றே சம்மதித்துவிட்டார். பின்னால் யோசித்திருந்தால் மறுத்திருப்பார்.

படித்து முடித்ததும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். காலையில் நடனப் பள்ளியில், இருபது பிள்ளைகள் கால் தூக்கி இறக்கும் வரை ஒரே மெட்டை இருபது விதமாக வாசித்தாள். மதியம் ஒலிப்பதிவுக் கூடம். பிஸ்கட் விளம்பரத்துக்கு வாசித்தாள். கார்ட்டூன் கரடி நடக்கும்போதெல்லாம் அடித்தந்தியில் "தொம் தொம்" என்றாள். பேய்ப்படத்துக்குக் கதவு கிறீச்சிட வேண்டும் என்றார்கள். கூடத்தில் இருந்த கதவுகள் எல்லாம் புதிதாக எண்ணெய் போட்டவை, ஒன்றும் கிறீச்சிடவில்லை. அவள் தந்தியைத் தாங்கும் பாலத்துக்குக் கீழே வில்லை வைத்து அழுத்தினாள். ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். மாலையில் நாடக அரங்கின் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். அங்கே ஒருமுறை, செல்லோவைவிடப் பெரிதாய்க் கனத்து ஒலிக்கும் பாஸ் என்ற வாத்தியத்தை வாசிப்பவர் வராமல் போக, அவருடைய பகுதியையும் செல்லோவிலேயே சேர்த்து வாசித்தாள். அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் வந்த பாஸ்காரருக்கு மட்டும் அதில் கொஞ்சம் மனக்கசப்பு.

இசை எழுதக் கற்றுக்கொண்டதும் வேலையின் வழியாகத்தான். கூடத்தில் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் அவரவர் பகுதியை முழுப்பிரதியிலிருந்து பார்த்தெழுதிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. அவள் கையெழுத்து தெளிவு. பதினொரு வருடம் எழுதினாள். பார்த்தெழுதும் கைக்குப் பொய் தெரிந்துவிடும். தேவையில்லாத சுரத்தை எழுதும்போது கை சலிக்கும்; தேவையான சுரம் வரும் முன்பே பேனா அந்த இடத்துக்குப் போய் நிற்கும். ஒருநாள் பேனா போய் நின்ற இடத்தில் முழுப்பிரதியில் ஒன்றும் இல்லை. இசையமைப்பாளர் அவசரத்தில் நாலு தாளக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அவளே நிரப்பினாள். அவர் கண்டுபிடிக்கவில்லை. "அந்த நாலு கட்டம் நல்லா வந்திருக்கு" என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

அப்படி எழுதியது நிறைய. பேருந்து நிலையத்தில் அறிவிப்புக்கு முன் ஒலிக்கும் நான்கு சுரங்கள் அவளுடையவை. ஊரே ஒரு நாளைக்கு நூறு முறை அவற்றைக் கேட்கிறது. அவளுடைய மாமியார் முப்பது வருடம் அந்த நிலையத்திலிருந்து கிளம்பிய பேருந்துகளில் கண்டக்டராக இருந்தவள். அந்த நான்கு சுரங்களுக்குப் பின்னால்தான் விசில் ஊதியிருக்கிறாள். மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதுதான் அது யார் எழுதியது என்று தெரிந்தது. "இவதானா அது? நல்லாத்தான் இருக்கும், ஆனா கொஞ்சம் சுருக்கமா போட்டிருக்கலாம், வண்டி லேட்டாகுது" என்பது மாமியார் மருமகளிடம் சொன்ன முதல் வார்த்தை. மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் எட்டு மாதம் கடலில். வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு செல்லோவும்தான்.

பெரிய இசைக்குழுவில் அவள் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அங்கே செல்லோக்காரர்கள் எட்டுப் பேர், இரண்டிரண்டு பேராக, இசைப் புத்தகம் வைக்கும் நான்கு ஸ்டாண்டுகளுக்கு முன் உட்காருவார்கள். ஸ்டாண்டுக்கு ஒரே புத்தகம். பார்வையாளர்கள் பக்கம், அதாவது ஸ்டாண்டுக்கு இடப்பக்கம் இருப்பது வெளி நாற்காலி. வலப்பக்கம் இருப்பது உள் நாற்காலி. பக்கம் முடியும்போது உள் நாற்காலிக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திருப்ப வேண்டும்; வெளி நாற்காலிக்காரர் நிறுத்தாமல் வாசிப்பார். உலகம் முழுக்க இதுதான் முறை. ஆள் மாறினாலும் முறை மாறாது. முதல் ஸ்டாண்டின் வெளி நாற்காலிதான் தலைமை. அவள் அதற்குப் பக்கத்து உள் நாற்காலி. இளையவர்கள் அவளைப் 'புரட்டக்கா' என்று கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எட்டு வருடத்துக்கு முன் தலைமை நாற்காலி காலியானபோது அவளும் தேர்வுக்குப் போனாள். முதல் சுற்றில் திரைக்குப் பின்னால் வாசிக்க வேண்டும், யாரென்று தெரியாது. அதில் அவள்தான் முதல். இரண்டாம் சுற்றில் திரையை எடுத்தார்கள். அவளுடைய அனுபவத் தாளை ஒருவர் விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார்.

"விளம்பரம், கார்ட்டூன், நாடகம், நடனப் பள்ளி... எல்லாத்தையும் வாசிச்சிருக்கீங்க. அதான் எங்களுக்கு யோசனையா இருக்கு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்னு சொல்வாங்க இல்லையா?"

"நான் எல்லா மரத்தையும் வெட்டியிருக்கேன் சார். அந்தத் தாள்ல இருக்கறது அதோட பட்டியல்தான்," என்றாள். நாற்காலி அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர் ஒருவருக்குப் போனது. நல்ல வாசிப்புக்காரர், அதை அவள் மறுக்கவில்லை. வந்த முதல் நாளே, "அக்கா, கொஞ்சம் சீக்கிரம் திருப்பிடுங்க, எனக்கு அடுத்த பக்கம் முன்னாடியே தெரியணும்," என்றார். அன்றிலிருந்து பக்கம் முடியும் இடத்தில் அவர் கண்ணைக் காட்டுவார், இவள் திருப்புவாள்.

வீட்டில் கதையைக் கேட்ட மாமியார், "ஒரே மரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா அது தச்சன் இல்ல, மரங்கொத்தி," என்றாள்.

போன வருடம் மாமியார் முதல்முறையாக ஒரு கச்சேரிக்கு வந்தாள். மேடையில் குச்சியோடு நின்றவரைக் கண்டக்டர் என்று அழைப்பார்கள் எனக் கேள்விப்பட்டு, தொழில் ரீதியாக அவரைக் கூர்ந்து கவனித்தாள். "நான் ஒரு விசில் ஊதினா வண்டி நிக்கும். இவரு ரெண்டு மணி நேரமா கையை ஆட்டுறாரு, ஒருத்தரும் நிமிர்ந்துகூட பாக்கல," என்பது அவள் முடிவு. திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பிறகு கேட்டாள்:

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. பாட்டு நல்ல இடத்துக்கு வரும்போதெல்லாம் நீ ஏன் வாசிக்கறத நிறுத்திட்டு காகிதத்தைப் புரட்டுற?"

அவள் முறையை விளக்கினாள்.

"சரி. அப்ப அந்த இடத்தை நீ எப்ப வாசிப்ப?"

அந்த இடங்களை அவள் வாசித்ததே இல்லை. பத்தொன்பது வருடமாக, ஒவ்வொரு இசையிலும் ஒவ்வொரு பக்க முடிவிலும் இரண்டு மூன்று கட்டங்கள் அவள் கையை விட்டுப் போயிருந்தன. மறுவாரம் ஒரு நோட்டு வாங்கினாள். ஒத்திகை முடிந்ததும் அன்று திருப்பும்போது விட்ட கட்டங்களை எழுதி வைத்தாள். ஒரு பருவம் முடிந்தபோது அறுநூற்று நாற்பத்திரண்டு இருந்தன. அவற்றை வரிசையாகப் பார்த்தபோது அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது ஆத்திரம்தான். அந்த ஆத்திரம் சூடாக இருக்கும்போதே எழுத உட்கார்ந்தாள்.

எட்டு செல்லோக்களுக்கான இசை. நீண்ட ஒரு மெட்டு, அது முழுக்க உள் நாற்காலிகளுக்கு. பக்கம் முடியும் இடங்களில்தான் மெட்டு உச்சத்துக்கு ஏறும்; ஏறியபடியே அடுத்த பக்கத்துக்குத் தாண்டும். சரியாக அந்த இடத்தில் வெளி நாற்காலிகளுக்கு இரண்டு கட்டம் ஓய்வு. அவர்கள் திருப்பட்டும்.

இசைக்குழுவின் அறுபதாம் ஆண்டுக்கு உறுப்பினர்கள் எழுதிய ஒரு புதிய படைப்பைத் தேர்ந்தெடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். அவள் கொடுத்தாள். மூன்று பேர் குழு ஒருமனதாக அவளுடையதைத் தேர்ந்தது. குழுவில் தலைமை செல்லோக்காரரும் இருந்தார். "இந்த மெட்டில் ஒரு சுரம்கூட விடுபடக் கூடாது. பக்கம் திருப்பும் இடத்திலும் அறுபடாமல் ஒலிக்க வேண்டும். இதை வாசிக்கக் கிடைப்பது பாக்கியம்," என்று தன் கைப்பட எழுதியிருந்தார்.

அங்கேதான் பிசகு. ஒரு பகுதி இரண்டு வரியாகப் பிரியும்போது மேல் வரி வெளி நாற்காலிக்கு, கீழ் வரி உள் நாற்காலிக்கு என்பது வழக்கம். அவளுடைய மெட்டு மேல் வரியில் இருந்தது. அவர் தனக்குத்தான் என்று நினைத்துவிட்டார். 'மேல் வரி உள் நாற்காலிகளுக்கு, கீழ் வரி வெளி நாற்காலிகளுக்கு, பக்கம் திருப்புவது வெளி நாற்காலி' என்று முதல் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தாள், அதுவும் மையில். வாத்தியக்காரர்கள் முதல் சுரத்திலிருந்துதான் படிப்பார்கள். அதற்கு முன்னால் இருப்பது அவர்களுக்கு அட்டை.

நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்த நிர்வாகிதான் அந்த வரியைப் படித்தார். திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், உக்காருங்க. ஒண்ணும் பெரிசா இல்ல. இந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிருங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"அந்த ஒரு வரிதான் சார் பாட்டு."

"ஒரு சுரம் மாத்தச் சொன்னேனா? யார் வாசிச்சா என்ன, சத்தம் ஒண்ணுதானே?"

"யார் வாசிச்சாலும் ஒண்ணுதான்னா நானே வாசிக்கறேனே. அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

நிர்வாகி நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்தார். "நீங்க வாசிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. படம் பிடிக்கறாங்க மேடம். கேமரா வெளிப்பக்கம் இருக்கு. உள் நாற்காலி மறைஞ்சு போயிரும்."

"பாட்டு கேட்குமா?"

"கேட்கும்."

"பாட்டுக்கு அது போதும் சார்."

"வெளி நாற்காலிக்காரங்க பக்கம் திருப்புவாங்களா? அதுவும் தலைமை? அவரு மட்டும் சம்மதிச்சுட்டாருன்னா நான் மேடை ஏறி நாற்காலி துடைக்கறேன். இந்தாங்க." மேசையிலிருந்த ரப்பரை எடுத்து அவள் முன் வைத்தார். "வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு மாத்திக் கொண்டு வாங்க. இல்லைன்னா பழசா ஏதாவது ஒண்ணு போட்டுக்கறோம். எனக்கும் வருத்தம்தான்."

இசைக்குழுவில் எல்லாரும் பென்சிலில்தான் எழுத வேண்டும். புத்தகங்கள் நூலகத்துக்குச் சொந்தம், நாளை இன்னொருவர் அழிப்பார். அவள் ரப்பரை எடுத்துப் பார்த்தாள். திருப்பி அவர் பக்கமே வைத்தாள்.

"மையில எழுதியிருக்கேன் சார். இது போதாது."

இன்னொரு வாய்ப்பு இந்த வயதில் வராது என்பது உண்மை. பேருந்தில் ஏறி உட்கார்ந்தவள் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வரியை அவள் அடிக்காவிட்டாலும், யாரும் படிக்காவிட்டால் போயிற்று. எல்லாரும் பழைய பழக்கப்படிதான் வாசிப்பார்கள், உள் நாற்காலியின் வலது கை தானாகவே மூலைக்குப் போகும். அவள் கையே போகும். வரியாக இருந்தால் அழித்துவிடலாம். அழிக்க முடியாதபடி வேறு எங்கே எழுதுவது?

வீட்டுக்கு வந்ததும் மாமியாரின் நாட்காட்டியில் ஒரு தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். கட்டு மேலே, புரட்டும் மூலை கீழே. பார்த்தெழுதிப் பார்த்தெழுதிப் பழகிய மூளை அப்போதுதான் வேலை செய்தது. எந்தப் புத்தகத்திலும் தையல் இடப்பக்கம், திருப்பும் மூலை வலப்பக்கம். உள் நாற்காலி உட்காரும் பக்கமும் அதுவே. தையலை வலப்பக்கம் கொண்டுபோய்விட்டால் மூலை வெளி நாற்காலியின் கைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு உள் நாற்காலி திருப்ப வேண்டுமானால், தலைமையின் மூக்குக்கு முன்னால் கையை நீட்டியாக வேண்டும்.

சொல்வது சுலபம். பக்கங்கள் இப்போது இடமிருந்து வலமாகப் புரளும், ஆனால் இசையை வழக்கம்போல இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும். திருப்பிய தாளின் பின்பக்கம் வலது பக்கமாக வந்து நிற்கும். ஆகவே இரண்டாவதாகப் படிக்க வேண்டியதை அதில் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுக்க எழுதிய முதல் புத்தகத்தில் நான்காம் பக்கம் மூன்றாம் பக்கத்துக்கு முன்னால் வந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. மாமியார்தான் பிடித்தாள்.

"எண் தாவுதே. டிக்கெட் கட்டுல இப்படித் தாவுச்சுன்னா எனக்கு மெமோ குடுத்திருப்பாங்க."

அந்தப் புத்தகத்தை அப்படியே கிழித்துப் போட்டாள். மாமியார் வெற்றுத் தாள்களை மடித்து, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டுக் கொடுத்தாள். புதன் பகலும் இரவும் விடிய விடிய எழுத்து, வியாழன் மதியம் தையல். கடைசிப் புத்தகம் முடிந்ததும் அவள் இன்னொரு வேலையும் செய்தாள். நான்கு புத்தகங்களிலும் ஒவ்வொரு தாளின் இடது கீழ்மூலையையும் நகத்தால் லேசாக மேல்நோக்கி மடித்துவிட்டாள்.

"அது எதுக்கு?"

"அவசரத்துல விரல்ல சிக்கணும் அத்தை. இல்லைன்னா ரெண்டு தாள் சேர்ந்து வந்துரும்."

"உனக்கு யாராச்சும் மடிச்சுக் குடுத்தாங்களா?"

"நானே மடிச்சுக்குவேன்."

"அவங்களும் மடிச்சுக்கட்டுமே."

"பாட்டு கெட்டுரும் அத்தை," என்றாள். வம்பு வேறு, வேலை வேறு.

வெள்ளிக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். வாசலருகே நிர்வாகி நின்றார். அவர் கையிடுக்கில் வேறு ஒரு பழைய புத்தகக் கட்டு. அவள் பின்னாலிருந்து தொடங்கி மூன்று ஸ்டாண்டுகளில் புத்தகங்களை வைத்துக்கொண்டே வந்தாள். திறந்து பார்த்த வெளி நாற்காலிக்காரர்கள் மூவரும் திரும்ப மூடி வைத்தார்கள். தலைமை என்ன செய்கிறாரோ அதைச் செய்வார்கள். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள் நாற்காலிக்காரர்கள் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் முதுகு நேராக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

நான்காவது புத்தகத்தை ஸ்டாண்டில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, தலைமையின் முன் திறந்து காட்டினாள்.

"என்னக்கா இது, பின்னாலிருந்து தொடங்குது?"

"முன்னாலிருந்துதான் தம்பி. மூலை உங்க கைக்கு வரட்டும்னு அப்படித் தைச்சேன்."

அவர் முதல் வரியைப் பார்த்தார், கீழ் வரியைப் பார்த்தார், மேலே மையில் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"மேல் வரி எனக்குன்னு இல்ல நினைச்சேன்?"

"முதல் பக்கத்துலயே எழுதியிருந்தேன்."

"முதல் பக்கத்தை யாருக்கா படிக்கறா?" பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அவர் சிரிக்கவில்லை. "இதை வாசிக்கணும்னு ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருந்தேன். வீட்டுல மனப்பாடமே பண்ணிட்டேன்."

"தெரியும். வேணாம்னா சொல்லிருங்க. அதோ, சார் வேற ஒண்ணு கையில வச்சிருக்காரு. நான் இதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன். வரியை மட்டும் மாத்தமாட்டேன்." குரல் உயரவில்லை. "ஒரு சுரம்கூட விடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தது நீங்க. எட்டு வருஷமா உங்க பக்கத்துலயே உக்காந்து விட்டுக்கிட்டே இருக்கேன். எவ்வளவுன்னு ஒருநாள் கேட்டிருக்கீங்களா?"

"எவ்வளவு?"

"போன பருவத்துல மட்டும் அறுநூத்து நாப்பத்திரெண்டு கட்டம். நோட்டு பையில இருக்கு."

வாசலில் நிர்வாகி தொண்டையைச் செருமினார். "நேரமாகுது. அந்தப் பழசை வச்சுரட்டுமா?"

தலைமை அவர் பக்கம் திரும்பவில்லை. வில்லை மடியில் கிடத்தினார். தந்தியின் மேலிருந்த இடது கை மெல்ல விலகி, நீண்டு, அவள் பிடித்திருந்த புத்தகத்தின் மூலையைத் தொட்டது. மடிப்பு விரலில் சிக்கியது. ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தார். சத்தம் வராமல் திருப்பத் தெரியவில்லை, காகிதம் படபடத்தது.

"மூலையை மடிச்சுக் குடுத்திருக்கீங்க."

"புதுசா திருப்பறவங்களுக்கு அது வேணும்."

இந்த முறை பின்வரிசை இருமவில்லை, சிரித்தேவிட்டது. அவர் காது மடல் சிவந்தது. இன்னொரு முறை அந்தத் தாளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி திருப்பினார். இப்போது சத்தம் குறைந்திருந்தது.

"எப்ப திருப்பணும்?"

"நான் கண்ணைக் காட்டுவேன்."

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் புத்தகத்தைக் கொடுத்தாள்.